ஓமரூ விழாவுக்கு 1885-ஆம் வருடத்துக் கவுன்: தைப்பதும் அணிந்து காட்டுவதும்

நியூசிலாந்தின் தென் தீவில், வட ஒட்டாகோவில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர் ஓமரூ. துறைமுகத்தை ஒட்டிய ஹார்பர் தெருவிலும் டைன் தெருவிலும் வெண்சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய தானியக் கிடங்குகளும் வங்கிக் கட்டடங்களும் இன்றும் நிற்கின்றன. ஒவ்வொரு நவம்பரிலும் ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் விக்டோரியா கால உடையில் அந்தத் தெருக்களில் இறங்குவார்கள். முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் பென்னி ஃபார்திங் சைக்கிள்களும் கூடவே ஓடும். அந்த விழாவில் ஒரு பெண் அணிவதற்கான முழு உடையை உள்ளாடையிலிருந்து தொப்பி வரை தைத்து, அணிந்து, பிறருக்குக் காட்டும் முறை கீழே இருக்கிறது. ரவிக்கையும் சுடிதாரும் தைக்கத் தெரிந்திருந்தால் போதும். கார்செட் (எஃகுப் பட்டைகள் வைத்து இடுப்பை இறுக்கும் உள்கச்சு) முன்பின் தைத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள்

விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. இந்த 64 வருடத்தில் பெண்களின் உருவக்கோடு பலமுறை தலைகீழாக மாறியது. 1856-இல் எஃகு வளையக் கூண்டு வந்ததும் பாவாடை நாலு பக்கமும் விரிந்தது. 1870 வாக்கில் விரிவு முழுக்கப் பின்பக்கம் போனது. 1877-க்கு மேல் அதுவும் அடங்கி, உடை முழங்கால் வரை உடம்போடு ஒட்டியது. 1883-இல் பின்புறம் மறுபடி எழுந்து, இந்தத் தடவை இடுப்புக்குக் கீழே அலமாரித் தட்டு மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நின்றது. 1890-களில் பின்புறம் தணிந்து தோள்பட்டை பெருத்தது. 1895-இல் பலூன் கை உச்சத்தில் இருந்தது.

"விக்டோரியா காலம்" என்று மட்டும் மனதில் வைத்துத் துணிக்கடைக்குப் போகிறவர்கள் 1860-இன் பாவாடையையும் 1895-இன் கையையும் 1840-இன் தொப்பியையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனியாக அழகாக இருக்கும். சேர்த்துப் பார்த்தால் நாடகக் கம்பெனி பெட்டியிலிருந்து எடுத்தது போல ஆகிவிடும்.

இங்கே 1885-ஐ எடுத்துக்கொள்கிறோம். அந்த ஊருக்கு அது பொருந்தும். ஓமரூவுக்குத் தெற்கே இருக்கும் டோட்டாரா பண்ணையின் ஆட்டிறைச்சியை உறையவைத்து ஏற்றிக்கொண்டு 'டனீடின்' என்ற கப்பல் 1882 பிப்ரவரி 15 அன்று போர்ட் சால்மர்ஸிலிருந்து கிளம்பி, மே 24 அன்று லண்டன் சேர்ந்தது. தானியமும் கம்பளியும் இறைச்சியும் அந்தத் துறைமுகப் பகுதியின் பிழைப்பாக இருந்த காலம். தையல்காரருக்கும் 1885 வசதியான வருடம். வீட்டுத் தையல் எந்திரம் பரவிவிட்டதால் நீளத் தையல்களை எந்திரத்தில் அடிப்பது ஏமாற்று வேலை ஆகாது. ஜிப் மட்டும் கூடாது, அது பிறக்கவே இல்லை.

அளவும் துணிக்கணக்கும்

கணக்குக்காக மார்பு 36, இடுப்பு 28, இடைக்கீழ் 38, உயரம் 5 அடி 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். துணி அகலம் 44 இன்ச்.

உடம்போடு ஒட்டி முதலில் அணியும் ஷெமீஸுக்கு மெல்லிய காட்டன் 2.25 மீட்டர், உள்கால்சட்டைக்கு 2 மீட்டர். கார்செட்டுக்குக் கூட்டீல் என்ற நெருக்கமான ஹெரிங்போன் நெசவுத் துணி 1 மீட்டர். பாவாடையைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தும் பஸில் கூண்டுக்குக் கனமான காட்டன் 1.5 மீட்டர், உள்பாவாடைக்கு 3 மீட்டர், வெளிப்பாவாடையின் அடித்துணிக்கு மலிவான காட்டன் 3.5 மீட்டர், பாடி எனப்படும் மேல்சட்டையின் லைனிங்குக்கு 1.5 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் நல்ல துணி எல்லாம் சேர்த்து 9.5 மீட்டர். ஒத்திகைத் தையலுக்குக் காடா 4 மீட்டர் தனி.

காட்டன் எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். லைனிங் மட்டும் பிறகு சுருங்கினால் மேல்துணி கொப்பளம் கொப்பளமாக நிற்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

நல்ல துணி என்றால் மெல்லிய கம்பளி முதல் தேர்வு. இஸ்திரிக்கு வளையும், மடிப்பு நிற்கும், தீப்பொறி பட்டால் சட்டெனப் பற்றாது. டாஃபெட்டா பட்டு இரண்டாவது. பாலியெஸ்டர் சாட்டின் வேண்டாம்: பகல் வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னும், மடிப்பை ஏற்காது, உள்ளே வேர்த்து ஊற்றும். மங்கலான நிறம்தான் பழைய காலத்து நிறம் என்ற எண்ணமும் தவறு. 1856-இல் வில்லியம் பெர்கின் கண்டுபிடித்த செயற்கை ஊதாச் சாயத்துக்குப் பிறகு, கண்ணைப் பறிக்கும் ஊதாவும் மெஜந்தாவும் சாதாரணம் ஆகிவிட்டன. ஒரே உடையில் இரண்டு துணி சேர்ப்பதும் 1885-இன் பழக்கம்: சாதா கம்பளி 6 மீட்டர், அதே நிறச் சாயலில் கோடு போட்ட பட்டு 3.5 மீட்டர்.

இந்தப் பட்டியலில் பாதி வெளியே தெரியாத துணி என்பதைக் கவனித்திருப்பீர்கள். பணத்தையும் நேரத்தையும் அங்கேதான் முதலில் செலவழிக்க வேண்டும். சரியான உள்கட்டுமானத்தின் மேல் மலிவான காட்டன் கவுன்கூட 1885 ஆகத் தெரியும். உள்ளே ஒன்றும் இல்லாமல் பட்டு போட்டால் நீளமான நைட்டி.

ஷெமீஸும் கால்சட்டையும்

ஷெமீஸ் முழங்கால் வரை வரும், அகலக் கழுத்து, குட்டைக் கை. நம் வீடுகளில் சிறுமிகளுக்குப் போடும் ஷிம்மீஸ் பெயரிலும் வேலையிலும் இதன் வாரிசுதான். வியர்வை கார்செட்டில் ஏறாமல் காப்பது இதன் பொறுப்பு. தோள்பட்டைத் தையல் தட்டையாக இருக்கட்டும். உள்ளே திரண்ட தையல் கார்செட்டின் கீழ் ஒரு மணி நேரத்தில் தோலில் தடம் போடும்.

கால்சட்டையின் இரண்டு கால்களையும் தனித்தனியாகத் தைத்து, இடுப்புப் பட்டியில் மட்டும் சேருங்கள். நடுத்தையல் திறந்தே இருக்க வேண்டும். கூச்சப்பட்டு அதை மூடித் தைப்பவர்கள் விழா அன்று கழிப்பறையில் வருந்துவார்கள். கார்செட்டுக்கு அடியில் இருக்கும் இடுப்புப் பட்டியைக் கழற்றவே முடியாது.

கார்செட்

உடம்பின் இடுப்பு 28 என்றால், கட்டிய பிறகு 26 போதும். பின்னால் நாடாவுக்கு நடுவே 2 இன்ச் இடைவெளி வேண்டும், ஆகவே கார்செட்டின் சொந்த இடுப்பளவு 24. பதினெட்டு இன்ச் இடுப்புக் கதைகளை மறந்துவிடுங்கள். இடுப்பு சிறிதாகத் தெரிவதில் பெரும்பங்கு பின்னால் நீட்டும் பஸிலுக்கும் மார்பின் வடிவத்துக்கும் உரியது.

ஒத்திகையைக் காடாவில் இரட்டைத் துணியாகத் தையுங்கள். முன்னால் மரப்பட்டையோ ஸ்கேலோ செருகி, பின்னால் ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடித்த பழைய பட்டியைத் தற்காலிகமாக ஓட்டுத்தையலில் சேர்த்துக் கட்டிப் பார்க்கலாம். பின் இடைவெளியைக் கண்ணாடியில் பாருங்கள். மேலிருந்து கீழ் ஒரே அகலத்தில் இணைகோடாக இருந்தால் அளவு சரி. மேலே விரிந்து கீழே குறுகினால் மார்பில் துணி போதவில்லை. கீழே விரிந்தால் இடைக்கீழில் போதவில்லை. நடுவில் மட்டும் விரிந்தால் இடுப்பை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள். இந்த மூன்றையும் காடாவிலேயே திருத்திவிடுங்கள். கூட்டீலில் வெட்டிய பிறகு திருத்த இடமிருக்காது.

முன்புறம் பஸ்க் என்ற இரட்டை எஃகுப் பட்டை, 12 அல்லது 13 இன்ச். ஒரு பட்டையில் குமிழ், மற்றதில் வளையம். வளையப் பட்டையைத் துணியின் முன்தையல் மேல் வைத்து, வளையம் வரும் இடங்களைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் தைக்காமல் விடுங்கள். தையல் தொடங்கும் முடியும் இடங்களில் மூன்று முறை முன்பின் அடிக்க வேண்டும், இழுப்பு விழுவது அங்கேதான். பிறகு பட்டையைச் செருகி, ஜிப் காலடி மாட்டி, எஃகை ஒட்டி ஒரு தையல். குமிழ்ப் பட்டைக்குத் துளை ஊசியால் குத்தி இழைகளை விலக்கிக் குமிழை வெளியே எடுங்கள்.

உள்ளே இடுப்புக் கோட்டில் 1 இன்ச் அகல நாடாவைச் சுற்றிலும் பிடித்துத் தைத்தால் துணி நாளடைவில் இழுபடாது. எலும்பு எனப்படும் எஃகுப் பட்டைகள் 20 முதல் 24 வரை தேவை. ஐலெட் வரிசையின் இரண்டு பக்கமும் தட்டை எஃகு. வளைவான இடங்களில் சுருள் எஃகு. 6 மில்லிமீட்டர் எலும்புக்கு 8 மில்லிமீட்டர் வழி அடியுங்கள். அகலம் கூடினால் எலும்பு உள்ளே புரளும்; குறைந்தால் நுழையாது, வம்புக்குத் தள்ளினால் தையல் கிழியும். எலும்பின் நீளம் வழியை விட அரை இன்ச் குறைவாக இருக்கட்டும், மேலும் கீழும் கால் இன்ச் மூச்சு விட. வழியின் அதே நீளத்துக்கு வெட்டிப் பொருத்தினால் இரண்டாம் முறை அணியும்போதே ஓரப்பட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஐலெட்: பின்புறம் 13 இன்ச் உயரத்துக்குப் பக்கத்துக்கு 13, ஒரு இன்ச்சுக்கு ஒன்று, இடுப்பில் மட்டும் இரண்டை அரை இன்ச் நெருக்கத்தில். துளை போடும் கருவியால் துணியை வெட்டி எடுக்காதீர்கள். துளை ஊசியால் குத்தி, சுழற்றிச் சுழற்றி இழைகளை விலக்கி, ஐலெட் நுழையும் அளவுக்கு மட்டும் பெரிதாக்குங்கள். வெட்டிய துளையில் இழைகள் அறுந்திருக்கும், நாலாவது முறை கட்டும்போது ஐலெட் கையோடு வந்துவிடும். இழை அறாத துளையில் துணியே ஐலெட்டை இறுக்கிப் பிடிக்கும். பின்பக்கம் வாஷர் உள்ள இரண்டு துண்டு ஐலெட்தான் வாங்க வேண்டும். கயிறு 6 மீட்டர். மேலிருந்தும் கீழிருந்தும் குறுக்காகக் கோத்து வந்து, இடுப்பில் பக்கத்துக்கு ஒரு நீளக் கண்ணி விடுங்கள். அந்த இரண்டு கண்ணியைப் பிடித்து இழுத்தால் தானே கட்டிக்கொள்ளலாம்.

தைத்து முடித்ததும் ஒரு வாரம், தினமும் ஓரிரு மணி நேரம் தளர்வாகக் கட்டிப் பழக்குங்கள். விழா அன்று முதல் முறையாகக் கட்டினால் மதியத்துக்குள் விலா வலிக்கும்.

பஸில் கூண்டு

1885-இன் அடையாளமே இதுதான். பின்துணி மேலே 22 இன்ச், கீழே 32 இன்ச் அகலம், 24 இன்ச் நீளம். அதில் 3.5 இன்ச் இடைவெளியில் ஆறு வழிகள். வளைய எஃகு 22, 24, 26, 28, 30, 32 இன்ச்சில் ஆறு துண்டுகள். மொத்தம் 162 இன்ச், 4.5 மீட்டர் வாங்குங்கள். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கூர்முனையை அப்படியே விட்டால் பாவாடை மூன்றும் கிழியும், தொடையும் கிழியும்.

தட்டையாக இருக்கும் இந்தத் துணியை வளைய வைப்பது உள்ளே இருக்கும் இரண்டு மடல்கள். இரண்டு பக்கத் தையலிலும் 6 இன்ச் அகல மடல் ஒவ்வொன்று வைத்து, ஓரத்தில் ஐலெட் அடித்து, இரண்டையும் கயிற்றால் ஒன்றோடொன்று கோத்து இழுங்கள். இழுக்க இழுக்க எஃகுகள் வில்லாக வளைந்து பின்னால் எழும்பும். மேல் இரண்டு எஃகின் பகுதியை அதிகமாகவும் கீழே கொஞ்சம் தளர்த்தியும் இழுங்கள். முன்னால் ஒரு குறுகிய முன்துணி, இடுப்புப் பட்டி, கொக்கி.

முதல் எஃகு இடுப்புப் பட்டிக்கு 3 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும். பலர் 6 இன்ச் கீழே வைத்துவிடுகிறார்கள். கூண்டு அப்போது இடுப்பிலிருந்து நீட்டாமல் தொடைக்குப் பின்னால் தொங்கும். பார்க்க 1872 போல இருக்கும், அதுவும் சரியான 1872 இல்லை. மேல் எஃகுக்கு மேலே பஞ்சு அடைத்த பிறை வடிவத் திண்டு ஒன்று கட்டினால் தட்டு தொய்யாது.

இதன் மேல் உள்பாவாடை. பின்பக்கம் இரண்டு மூன்று வரிசைச் சுருக்கு வைத்துத் தையுங்கள். இதைத் தவிர்த்தால் எஃகுக் கோடுகள் வெளிப்பாவாடையில் ஏணிப்படி மாதிரித் தெரியும்.

வெளிப்பாவாடை

இனி எந்த அளவும் கார்செட், கூண்டு, உள்பாவாடை, விழாவுக்குப் போடும் காலணி எல்லாம் அணிந்த பிறகே எடுக்க வேண்டும். இடுப்பிலிருந்து கூண்டின் மேல் நூலை ஓட்டித் தரை வரை அளந்தால் பின்நீளம் முன்நீளத்தை விடப் பெரும்பாலும் 6 முதல் 8 இன்ச் கூடுதலாக வரும். நடக்கும் உடைக்குச் சுற்றிலும் தரையிலிருந்து 2 இன்ச் தூக்கியிருக்கட்டும்.

அடித்துணியின் கீழ்ச்சுற்று 90 இன்ச்: முன்துண்டு கீழே 22, பக்கத்துண்டுகள் 16 வீதம், பின்துண்டு நேர் அகலமாக 36. மேலே முன்துண்டு 10, பக்கங்கள் 5 வீதம், பின்துண்டின் 36 இன்ச்சையும் 7 இன்ச்சுக்குச் சுருக்கி இடுப்புப் பட்டியில் ஏற்றுங்கள். முன்புறம் சுருக்கு ஒன்றுகூட வரக்கூடாது. பக்கத் தையல்களில் உள்பக்கமாக மூன்று மட்டத்தில் நாடா வைத்துப் பின்னால் கட்டினால், நடக்கும்போது விரிவு முன்னால் ஓடி வராது. திறப்பு இடது பின்தையலில் 10 இன்ச். வலது பின்தையலில் பெரிய பை ஒன்று வைத்துவிடுங்கள். கைபேசி, பணம், ஊசிநூல் எல்லாம் அதில் மறையும்.

அடித்துணி மலிவான காட்டனாக இருப்பது சிக்கனத்துக்காகச் செய்யும் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம், அந்தக் காலத்திலும் அப்படித்தான் தைத்தார்கள். நல்ல துணி கண்ணில் படும் இடத்தில் மட்டும் மேலே ஏறும். கீழே 9 இன்ச் கொசுவ வரிசை, அதற்கு மேல் தொடை வரை 20 இன்ச் அகலத்துக்கு நல்ல துணி. அதற்கும் மேலே மேல்முந்தி, அதாவது பாவாடை மேல் மடித்துத் தூக்கிக் கட்டும் துணி, மூடிவிடும்.

கொசுவக் கணக்கு: ஒரு இன்ச் கத்தி மடிப்புக்கு மூன்று மடங்கு துணி போகும். 90 இன்ச்சுக்கு 270. தையல் போக ஒரு பட்டை 43 இன்ச், ஆகவே ஏழு பட்டைகள். பட்டையின் உயரம் 9, கீழ் மடக்கு 1, மேல் தையல் அரை. ஏழு பெருக்கல் பத்தரை 73.5 இன்ச், அதாவது ஏறக்குறைய 1.9 மீட்டர். கீழ் மடக்கை முதலில் அடித்து முடித்துவிட்டுத்தான் கொசுவம் வைக்க வேண்டும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து துணியை நனைத்துப் பிழிந்து, கொசுவத்தின் மேல் விரித்து, ஆவி அடங்கும் வரை இஸ்திரியை அழுத்தி வையுங்கள், தேய்க்காதீர்கள். முழுக்க ஆறும் முன் கையால் தொட்டால் மடிப்பு கலையும். சாயம் போகிறதா என்று ஓரத்துண்டில் பார்த்துக்கொள்வது நல்லது. கொசுவத்தின் பின்பக்கம் பாதி உயரத்தில் ஒரு நாடா வைத்து மடிப்புக்கு ஒரு தையல் கையால் போட்டால், காற்றிலும் விசிறி போல விரியாது.

கீழ் ஓரத்தின் உள்பக்கம் 6 இன்ச் அகல விறைப்புத் துணி, அடிவிளிம்பில் கம்பளி நாடா. தெருவில் தேய்வது நாடாதான். விழாவுக்கு விழா அதை மட்டும் பிரித்து மாற்றினால் போதும்.

மேல்முந்தியை மேசையில் வெட்டித் தைக்கப் பார்க்காதீர்கள். 3.5 மீட்டர் துணியில் முன்னுக்கு ஏப்ரன் போல வளைந்த துண்டு, பின்னுக்கு நேர்த்துண்டு; இரண்டையும் கூண்டு கட்டிய உருவப்பொம்மை மேல் வைத்து, பக்கத் தையலில் மேல்நோக்கி நாலைந்து மடிப்பு பிடித்து, குண்டூசி குத்தித் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டியதில்லை. பின்துண்டை உள்ளிருந்து நாடாக்களால் தூக்கிக் கட்டுங்கள். மடிப்புகளை மேல்துணியோடு சேர்த்துத் தைத்தால் இழுபட்ட புள்ளிகள் வெளியே தெரியும். ஒவ்வொரு மடிப்பையும் உள்நாடாவில் மட்டும் பிடியுங்கள்.

பாடி

கார்செட்டை அடுத்து அதிகம் கெடுவது இங்கே. ரவிக்கை தைத்துப் பழகிய கை இரண்டு இடத்தில் தப்பு செய்யும்.

ஒன்று லைனிங். நாம் லைனிங்கைத் தனிச்சட்டையாகத் தைத்துக் கழுத்தில் சேர்ப்போம். இங்கே ஒவ்வொரு துண்டிலும் லைனிங்கும் மேல்துணியும் முதலிலேயே ஒன்றாகி, ஒரே துணியாக நடத்தப்படும். லைனிங்கை வெட்டி, டார்ட்டும் தையல்கோடும் அதில் குறித்து, மேல்துணியின் உள்பக்கத்தில் விரித்து, விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே சுற்றிலும் ஓட்டுத்தையல் போடுங்கள். டார்ட்டின் நடுக்கோட்டிலும் ஒன்று. அதை விட்டால் தைக்கும்போது இரண்டு துணியும் நழுவி, டார்ட் நுனியில் குமிழ் வரும். முன்பக்கம் பக்கத்துக்கு இரண்டு டார்ட், பின்பக்கம் நடுத்துண்டு, வளைந்த பக்கத்துண்டுகள். பக்கத் தையலில் ஒரு இன்ச் விடுங்கள், மற்றவற்றில் அரை. தையல் ஓரங்களை ஓவர்லாக் செய்யாமல் கையால் சுற்றித் தைத்தால் உள்ளே காட்டும்போது வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவது கைக்குழி. கை தாராளமாக அசைய வேண்டும் என்று நாம் குழியைக் கீழே இறக்குவோம். விளைவு நேர்மாறாக இருக்கும்: கையைத் தூக்கினால் பாடி முழுவதும் கூடவே ஏறி, இடுப்பில் பாவாடைப் பட்டி எட்டிப் பார்க்கும். 36 மார்புக்குக் கைக்குழிச் சுற்று 15 முதல் 16 இன்ச்சுக்குள், அக்குளை ஒட்டி உயரமாக இருக்க வேண்டும். அப்போது கை மட்டும் தனியாக அசையும், பாடி கிடந்த இடத்தில் கிடக்கும். இதை நம்பாதவர்கள் காடாவில் இரண்டு மாதிரியும் ஒவ்வொரு பக்கம் தைத்து அணிந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பார்க்கலாம். தோள்பட்டைத் தையல் தோளின் உச்சியில் வராமல் பின்பக்கம் சரிந்து விழும், முதுகுத்துண்டு குறுகலாக இருக்கும். அதையும் "திருத்த" வேண்டாம்.

கை இரண்டு துண்டு, முழங்கையில் வளைவு. கைத்தலையில் ஒன்று முதல் ஒன்றரை இன்ச் கூடுதல் துணியைச் சுருக்குத் தெரியாமல் ஏற்ற வேண்டும். கம்பளி ஆவியில் அடங்கிவிடும். பாலியெஸ்டர் அடங்காது.

டார்ட்டுகளிலும் தையல்களிலும் உள்ளே எலும்பு வையுங்கள். இடுப்புக் கோட்டில் பின்தையல்கள் மூன்றில் மட்டும் பிடித்த 1 இன்ச் நாடா, முன்னால் கொக்கி; நீளம் பாடியின் இடுப்பை விட அரை இன்ச் குறைவு. அணியும்போது முதலில் இந்தக் கொக்கி, பிறகு பட்டன். இறுக்கத்தை நாடா தாங்குவதால் காஜா வாய் பிளக்காது. முன்திறப்பு 15 இன்ச் என்றால் இன்ச்சுக்கு ஒரு சிறு பட்டன். பட்டன் தூரமாக இருந்தால் உட்காரும்போது நடுவே கண் திறக்கும். நின்ற காலர் ஒன்றே கால் இன்ச். அதற்குள் வெள்ளைச் சுருக்குப்பட்டியைக் கையால் பிடியுங்கள், தனியே கழற்றித் துவைக்கலாம்.

தலையை மறக்க வேண்டாம். 1885-இன் தொப்பி உயரமான பூந்தொட்டி வடிவம். தலைமுடி தூக்கி முடிந்திருக்க வேண்டும். விரித்த கூந்தலோடு வளர்ந்த பெண் தெருவுக்கு வந்த காலம் அல்ல அது. நம்மவர்களின் கொண்டை இங்கே அப்படியே உதவும். ஊசி இரண்டு, எதிரெதிர் திசையில், கொண்டையை ஊடுருவிப் போக வேண்டும். ஓமரூ கடலோர ஊர், ஒற்றை ஊசித் தொப்பி காற்றோடு போய்விடும்.

அணியும் வரிசை

காலுறையும் காலணியும் முதலில். கார்செட் கட்டிய பிறகு குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியாது. பிறகு கால்சட்டை, ஷெமீஸ், கார்செட், கூண்டு, உள்பாவாடை, வெளிப்பாவாடை, மேல்முந்தி, பாடி, தொப்பி, கையுறை. தனியாக என்றால் 40 நிமிடம் ஒதுக்குங்கள். கார்செட்டை ஒரே மூச்சில் இறுக்காமல், கட்டி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி இழுங்கள். கைக்கடிகாரம், குளிர்கண்ணாடி, ரப்பர் அடி வைத்த வெள்ளைக் காலணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டீர்களா என்று வேறொருவர் பார்க்கட்டும்.

காரில் கூண்டோடு உட்கார முடியாது. கூண்டைக் கழற்றிப் பையில் எடுத்துப்போய் அங்கே கட்டுவது உத்தமம். நாற்காலி என்றால் முதுகுச்சாய்வில்லாத ஸ்டூல். நுனியில் உட்காருங்கள், எஃகுகள் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். படியேறும்போது முன்கொசுவத்தை ஒரு கையால் இரண்டு இன்ச் தூக்கினால் போதும், முழங்கால் வரை அள்ளிப் பிடிக்க வேண்டாம். பென்னி ஃபார்திங் போகும் பாதையில் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். ஆரக்காலில் துணி சிக்கினால் ஓட்டுகிறவர் அத்தனை உயரத்திலிருந்து விழுவார். தின்பண்டக் கடை அடுப்புகளுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு அடி தூரத்தில் துணி இருக்கிறது, உங்களுக்கு அது தெரியாது. வளையக் கூண்டு காலத்தில் பாவாடை தீப்பிடித்துப் பெண்கள் இறந்தது நிஜம். தண்ணீர் அடிக்கடி கொஞ்சமாகக் குடியுங்கள், சாப்பாடும் அப்படியே.

கையோடு இருக்க வேண்டியவை: ஊக்கு பத்து (1849-இல் காப்புரிமை பெற்றது, கண்ணில் பட்டாலும் பாதகமில்லை), உடை நிறத்து நூல் கோத்த ஊசி இரண்டு, மாற்றுக் கயிறு, இரண்டு கொக்கி, ஒரு முழம் நாடா.

பிறருக்குக் காட்டுவது

தெருவில் நடந்தாலே பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்பார். பாவாடையைத் தூக்கிக் காட்ட முடியாது. காட்சி மேசை கிடைத்தால் உருவப்பொம்மை இரண்டு வையுங்கள்: ஒன்றில் முழு உடை, மற்றொன்றில் ஷெமீஸ், கார்செட், கூண்டு வரை மட்டும். கூட்டம் இரண்டாவதைத்தான் சுற்றி நிற்கும். ஒத்திகைக் காடா கார்செட்டைத் தொட்டுப் பார்க்கத் தனியே வைத்துவிட்டால் தைத்த நல்ல கார்செட் அழுக்காகாது. பொம்மையின் இடுப்பு உங்களை விடச் சிறியதாக இருக்க வேண்டும்; மார்பையும் இடைக்கீழையும் பஞ்சுப் பட்டையால் ஏற்றிக்கொள்ளலாம், பெரிய பொம்மையைக் குறைக்க வழியில்லை.

அட்டையில் எழுத வேண்டியது நாலு வரி: எந்த வருடத்து வடிவம், என்ன துணி, எது எந்திரத் தையல் எது கைத்தையல், எந்த அருங்காட்சியக உடையைப் பார்த்து வரைந்தது. "புதிதாகத் தைத்தது" என்ற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும். அசல் பழைய உடை கையில் இருந்தால் அதை அணியவே கூடாது. எடை கூட்டுவதற்காகத் தகர உப்பு ஏற்றிய அக்காலப் பட்டு மடிப்போடு மடிப்பாகத் தானே உடைகிறது; ஒரு முறை கை நுழைத்தாலே கிழியும். காட்சிக்கு வைத்தாலும் படுக்கவைத்து, வெயில் படாமல் வையுங்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கொடுப்பதில்லை.

போட்டி இருந்தால் நடுவர் முன் ஒரு சுற்று மெதுவாகத் திரும்புங்கள். பக்கவாட்டுத் தோற்றத்தில் 1885 தெரிய வேண்டும்.

வீடு வந்ததும் கீழ் ஓரத்துச் சேற்றை ஈரத்தோடு துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். முழுக்கக் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். ஷெமீஸும் காலர்ச் சுருக்கும் துவைக்கப் போகட்டும். கார்செட்டைத் தண்ணீரில் போட்டால் எஃகு துருப்பிடிக்கும். உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் இரண்டு நாள் காயவைத்து, கயிற்றைத் தளர்த்தி, சுருட்டாமல் படுக்கவைத்து எடுத்து வையுங்கள். மேல்முந்தியின் உள்நாடாக்களை அவிழ்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள். கட்டியபடியே வைத்தால் அடுத்த நவம்பருக்குள் மடிப்பு வேண்டாத இடத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.